வெள்ளமா, வெள்ளையா

எங்கள் கடையில் ஸ்டூல் உண்டு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் சந்திரவல்லியை நான் நிற்கவைத்தே பேசி அனுப்புகிறேன் என்று ஜீப்பில் வரும் பெண்கள் சிலர் முணுமுணுத்தது என் காதுக்கும் வந்தது. போடியில் ஜீப்புகள் நிற்கும் இடத்துக்கு எதிரே இருக்கிறது கடை. ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களுக்கு வேண்டிய ரப்பர் செருப்பு, குடை, கம்பளி, இடுப்பில் சுற்றிக் கட்டிக்கொள்கிற பிளாஸ்டிக் காகிதம் எல்லாம் கிடைக்கும். கல்லாவில் உட்காருவது என் வீட்டுக்காரர் முகைதீன் பிச்சை. வியாபாரம் பார்ப்பது நான், சுல்தானா. வந்த பெண்ணை உட்காரச் சொல்லாமல் நான் ஒரு செருப்பைக்கூட எடுத்துக் காட்டியதில்லை. வல்லியையும் சொன்னேன். வந்தபோதெல்லாம் சொன்னேன்.

"இருக்கட்டும்க்கா" என்பாள். நின்றே பேசுவாள், நின்றே போவாள்.

முன்னே அப்படி இல்லை. வல்லி பிறந்தது பொட்டிபுரம். கல்யாணம் முடிந்த கையோடு பால்பாண்டி அவளைப் மலைமேல் பூப்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்துக்கு, அதாவது கூலிக்காரர் வரிசைவீட்டுக்கு, கூட்டிப்போய்விட்டான். மகள் பவித்ரா பிறந்தது, வளர்ந்தது எல்லாம் அங்கேதான். பிள்ளை மேல்படிப்புக்கு வந்ததும் குடும்பத்தோடு போடிக்கு இறங்கி, எங்கள் கடைக்குப் பின்தெருவில் ஓட்டுவீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தார்கள். வேலையை மட்டும் விடவில்லை. விடிவதற்குள் ஜீப்பில் மேலே போய், காய் எடுத்துவிட்டு, சாயங்காலம் இறங்கிவிடுவாள். ஏலச்செடியில் காய் தூரில் அல்லவா கிடக்கும்? குனிந்து, குத்தவைத்து, ஈரத்தரையில் நகர்ந்து நகர்ந்துதான் எடுக்க வேண்டும். அதில் வல்லி கெட்டிக்காரி. பிஞ்சில் கை வைக்க மாட்டாள். வாய் மட்டும் ஓயாது. ஜீப்பில் நடு சீட்டு அவளுக்கென்றே இருக்கும், ஏனென்றால் அவள் பேச்சு இரண்டு பக்கத்துக்கும் கேட்க வேண்டும்.

பேச்சும் மலையாளம் கலந்த மலைப்பேச்சு. போதும் என்பதற்கு மதி என்பாள். தண்ணீர் என்ற வார்த்தையே அவள் வாயில் வராது, வெள்ளம்தான். "அக்கா, கொஞ்சம் வெள்ளம் கொண்டா" என்று வாசலில் நின்று கத்துவாள். எங்கள் வீட்டுக்காரர் விடமாட்டார்.

"ஏ வல்லி, வெள்ளம் வெள்ளம்னு சத்தம் போடாத. ஊருச்சனம் பயந்துபோயி மேட்டுக்கு ஓடிரும்."

"ஓடட்டும் பாய். கூட்டம் கொறஞ்சா எனக்கு ஜீப்புல எடங் கிடைக்கும்" என்பாள் அவளும்.

அந்த வல்லிக்குப் போன வருஷம் கோடையில் கர்ப்பப்பையை எடுத்தார்கள். கட்டி இருந்தது, உதிரப்போக்கு நிற்கவில்லை, வேறு வழியில்லை என்றார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து வீட்டுக்கு வந்தாள். நான் போய்ப் பார்த்தபோது கட்டிலில் உட்கார்ந்து, வழக்கம்போல ஊர்க்கதை பேசினாள். ஆடி பிறந்து மழை இறங்கியதும் வேலைக்கும் போக ஆரம்பித்தாள். எல்லாம் சரியாகிவிட்டது என்றுதான் நானும் இருந்தேன்.

மழைக்காலத்தில் மலையிலிருந்து இறங்குகிற யாரும் நனையாமல் வருவதில்லை. எல்லார் இடுப்பிலும் பிளாஸ்டிக், எல்லார் பாவாடையிலும் ஈரம். ஜீப்பே ஊறிப்போன சாக்கு மாதிரிதான் நாறும். அதில் ஒருத்தி நனைந்திருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் மழைக்கும் ஒரு முடிவு உண்டல்லவா? தை போய் மாசி வந்தது. வெயில் சுளீர் என்று அடிக்கிறது. கம்பளி, குடை எல்லாவற்றையும் கட்டி மேலே அட்டத்தில் ஏற்றிவிட்டேன். அப்போது வல்லி வந்து பிளாஸ்டிக் காகிதம் கேட்டாள்.

"மழையே இல்ல, எதுக்குடி காகிதம்? சோளக்காட்டுப் பொம்மைக்கு உடுத்தப் போறியா?"

"தோட்டத்துல ஈரமாக் கெடக்குக்கா" என்றாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. கேலிக்குக் கேலி திருப்பித் தராத வல்லியை அன்றுதான் பார்த்தேன். உட்காரச் சொன்னேன். இருக்கட்டும் என்றாள். அவள் போன பிறகு கடைக்குள் மல்லிகைப்பூ சென்ட் வாடை நின்றது. சென்ட் போட்டுக்கொண்டு காய் எடுக்கப் போகிற பெண் எந்த ஊரில் இருக்கிறாள்?

அதே வாரத்தில் தேவாரத்திலிருந்து ஆயம்மாள் வந்து இறங்கினாள். பவித்ராவைக் கட்டிய விஜயகுமாரின் அம்மா. வல்லியின் வீடு பூட்டிக் கிடக்கவே, நேராகக் கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு பொரிந்து தள்ளினாள்.

"நீங்களே ஒரு நாயத்தச் சொல்லுங்கம்மா. மருமகளுக்கு ஏழாம் மாசம். வளையலப் போட்டுத் தாய்வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறது மொறையா இல்லையா? தலைப்பிரசவம். நாலு தடவ ஆள் விட்டுட்டேன். வீடு சின்னது, ஓடு ஒழுகுது, பிள்ள அங்கயே இருக்கட்டும்னு சொல்லிவிடுறா. பெத்த தாயே வேண்டாங்கிறா. அந்தப் பிள்ள சோறு எறங்காம அழுதுக்கிட்டுக் கெடக்கு."

"ஓடு ஒழுகுதா? மாசி மாசத்துலயா?" என்றேன்.

"அதத்தானே நானும் கேக்குறேன்!"

அந்த அம்மாளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டுவிட்டு, எனக்கு வந்த கோபத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தேன். பவித்ரா என்னைப் பெரிம்மா என்று கூப்பிடுகிற பிள்ளை. சாயங்காலம் ஜீப் வந்ததும் வல்லியின் பின்னாலேயே போனேன். அவள் கதவைத் திறந்ததும் நானும் உள்ளே நுழைந்துவிட்டேன்.

"என்னடி நெனச்சுக்கிட்டு இருக்க? தலைப்பிரசவத்துக்கு மகளக் கூட்டியார மாட்டேன்னு எவளாச்சும் சொல்லுவாளா? அப்பிடி என்ன சோலி ஒனக்கு?"

எனக்குப் பதில் வீடே சொன்னது. கொடியெல்லாம் துணி. கிழிந்த சேலைத் துண்டுகள், அத்தனையும் துவைத்துத் துவைத்து வெளுத்துப் போனவை. கட்டிலில் மெத்தை இல்லை, பிளாஸ்டிக் விரித்து மேலே சாக்கு. சென்டையும் மீறி அந்த வாடை. மூத்திர வாடைதான், வேறென்ன.

"யாரும் ஒழுகுற வீட்டுல பேரப்பிள்ளயப் போடுவாகளாக்கா?" என்று கேட்டாள். "ஒழுகுறது ஓடு இல்லக்கா. நாந்தான்."

பிறகு தரையில் பிளாஸ்டிக்கைப் போட்டு அதில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு காலையில் பாய் நனைந்திருந்தது. தூக்கத்தில் போய்விட்டோம் என்று நினைத்தாள். பகலிலும் நனைந்தது. நின்றால், நடந்தால், படுத்தால், எப்போதும். தொடை இடுக்கெல்லாம் வெந்து புண்ணாகிவிட்டது. தண்ணீர் குடிப்பதைக் குறைத்துப் பார்த்தாள், அதற்கு எரிச்சல்தான் கூடியது. டிஸ்பென்சரிக்குப் போனாள். மாத்திரை கொடுத்தார்கள். கேட்கவில்லை. வேறோர் இடத்துக்குப் போனாள். அங்கேயும் மாத்திரை. ஜீப்பில் நடு சீட்டை விட்டு, பின்னால் கதவோரம் ஒட்டிக்கொண்டாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவள் முந்தானையை மூக்குக்கு இழுப்பது தெரியாமலா போகும்?

"பால்பாண்டிக்குத் தெரியுமா?"

"அவுகதான் விடியக்காலம் மெத்தயத் தூக்கிக் கொல்லைல காயப்போடுவாக. கேக்குறவுகளுக்கு ஓடு ஒழுகுதுன்னு சொல்றதும் அவுகதான். மெத்த மக்கிப்போச்சு, போன மாசம் எரிச்சுட்டாக." அடியில் கிடந்த பிளாஸ்டிக்கின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். "நான்தான்க்கா கெடுத்துக்கிட்டேன். ஒடம்பு ஆறுறதுக்கு முந்தி நெறகொடத்தத் தூக்கிட்டேன். அதான் எல்லாம் தளந்துபோச்சு."

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நானும் பார்த்தேன். சர்க்கரையாக இருக்கும் என்றேன். அதெல்லாம் பார்த்தாச்சு, இல்லை என்றாள். அப்படியானால் கர்ப்பப்பை இறங்கியிருக்கும் என்றேன்.

"அதத்தான் எடுத்தாச்சேக்கா. இல்லாதது எங்குட்டு எறங்கும்?" என்றாள். அந்த நிலையிலும் இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்ததும் அவள் எழுந்து போய் பாவாடை மாற்றிக்கொண்டு வந்தாள். எனக்குச் சிரிப்பு அடியோடு போய்விட்டது.

மறுநாள் கடையை அவரிடம் விட்டுவிட்டு, வல்லியை லேடி டாக்டர் சூர்யகலாவிடம் கூட்டிப்போனேன். வெளியூர்க்காரர், போடிக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. மேசைக்கு இந்தப்பக்கம் நாங்கள், அந்தப்பக்கம் டாக்டர், நடுவே நர்ஸ் பெண். வெளியே வராந்தாவில் ஆண்களும் பெண்களுமாக நல்ல கூட்டம். கதவு என்று பேருக்கு ஒரு திரை.

"என்ன செய்யுது?" என்றார் டாக்டர்.

வல்லி திரையைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, சன்னமாக, "வெள்ளம் போகுது டாக்டரே" என்றாள்.

"வெள்ளை படுதாம் டாக்டர்" என்று நர்ஸ் எடுத்துக்கொடுத்தாள். அவள்மேல் தப்பில்லை. போடியில் வெள்ளைபடுது என்பார்கள், மலையில் வெள்ளபோக்கு என்பார்கள், நாள் முழுக்க அவள் காதில் விழுவது அதுதான். வல்லியும் ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. போன இடத்திலெல்லாம் இதுதான் நடந்திருக்கிறது. ஆண்கள் காதில் விழும்படி மூத்திரம் என்று சொல்லக் கூசி, இவள் வெள்ளம் என்று சொல்ல, அவர்கள் வெள்ளை என்று எடுத்துக்கொள்ள, பெரியவர்கள் சொன்னால் சரியாக இருக்கும் என்று இவளும் தலையாட்ட, மாத்திரையை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். சோதித்துப் பார்க்க வேண்டும் என்று ஓர் இடத்தில் கூப்பிட்டபோது, அந்த ஈரத்தோடு மேசையில் ஏற வெட்கப்பட்டு, அப்புறம் வருகிறேன் என்று நழுவியும் இருக்கிறாள்.

நான் வாயைத் திறப்பதற்குள் டாக்டர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். "எப்படிப் படுது? கட்டியா, தயிர் மாதிரியா? என்ன நிறம்?"

வல்லி நிமிர்ந்து பார்த்தாள். "நெறமா? வெள்ளத்துக்கு ஏது டாக்டரே நெறம்?"

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "வெள்ளம்னா நீங்க எதைச் சொல்றீங்க?"

"வெள்ளம்தான். இந்தா, குப்பில வச்சுக் குடிக்கீகள்ல, அந்த வெள்ளம்."

டாக்டர் மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்தார், வல்லியைப் பார்த்தார். நர்ஸை அனுப்பி, வராந்தாவில் இருந்தவர்களைத் தள்ளிப்போய் உட்காரச் சொன்னார். நாற்காலியை வல்லிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டு, "ஒன்னுக்கா?" என்று மெதுவாகக் கேட்டார். வல்லி அழ ஆரம்பித்தாள். ஒரு வார்த்தையைச் சரியாகக் கேட்க ஆள் கிடைத்ததற்கே அப்படி அழுதாள்.

அதன் பிறகு கேள்விகள் வரிசையாக வந்தன. இருமினால், தும்மினால் மட்டும் போகிறதா? இல்லை, சும்மா இருக்கும்போதும். அவசரமாக முட்டிக்கொண்டு வந்து அடக்க முடியாமல் போகிறதா? முட்டுகிற உணர்ச்சியே வருவதில்லை. ராத்திரி தூங்கும்போது? அப்போதும். கக்கூஸில் உட்கார்ந்தால் தனியாக வருகிறதா? ரொம்பக் கொஞ்சம். எப்போதிலிருந்து? ஆபரேஷன் முடிந்து பத்துப் பன்னிரண்டு நாளிலிருந்து. இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டதும் டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"பயப்படாதீங்க. ஒரு சின்னச் சோதனை பண்ணிப் பார்த்துருவோம். மேசை நனையும்னு யோசிக்காதீங்க, நனையறதுக்குத்தான் மேசை."

தடுப்புக்கு இந்தப்பக்கம் நான் நின்றேன். முதலில் விளக்கு வைத்துப் பார்த்தார்கள். பிறகு பெண்ணுறுப்பின் பாதையில் மூன்று பஞ்சுத் துணிகளை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, மூத்திரம் வருகிற துவாரத்தில் மெல்லிய குழாய் விட்டு, மூத்திரப்பையை நீலம் கலந்த தண்ணீரால் நிரப்பினார்கள். கொஞ்ச நேரம் நடக்கச் சொன்னார்கள். வல்லி அறைக்குள்ளேயே நடந்தாள். பிறகு துணிகளை எடுத்து ஒரு தட்டில் வரிசையாக வைத்தார் டாக்டர். அவள் கேட்டதால் என்னையும் உள்ளே கூப்பிட்டார். வெளியே இருந்த துணி வெள்ளையாகவே இருந்தது. உள்ளே மேலே இருந்தது சொட்ட நனைந்து, பள்ளிக்கூடத்து மை கொட்டினதுபோல் நீலமாக இருந்தது.

"பாருங்க. வெளித்துணி மட்டும் நீலமானா, ஒன்னுக்குப் போற வழியிலேயே கசியுதுன்னு அர்த்தம். உள்துணி ஈரமாகி, நீலம் இல்லாம இருந்தா, கிட்னியில இருந்து வர்ற குழாய்ல ஓட்டைன்னு சந்தேகப்படணும். உங்களுக்கு உள்ள இருந்ததே நீலமா இருக்கு. மூத்திரப்பைக்கும் பெண்ணுறுப்புக்கும் நடுவுல ஒரு சுவர் இருக்கு. அதுல ஓட்டை விழுந்திருக்கு. பையில சேர்ற நீர் தங்காம அது வழியா வந்துருது. மதுரையில ஸ்கேன் பண்ணி, கேமரா விட்டு எத்தனை ஓட்டை, எங்கே, கிட்னிக் குழாயும் நல்லா இருக்கான்னு பார்ப்பாங்க. சில பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். அப்புறம் தைச்சுடலாம். மாத்திரையில அடைபடாது."

வல்லி அந்த நீலத்துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கொடந் தூக்குனதுனால வந்ததா டாக்டரே?"

"யார் சொன்னா? இல்லவே இல்லை. கர்ப்பப்பையும் மூத்திரப்பையும் ஒட்டிக்கிட்டு இருக்கும். எடுக்கறப்போ பையில காயம் பட்டா, அந்த இடம் நைஞ்சுபோய்க் கொஞ்ச நாள்ல ஓட்டையாகும். நல்ல கை உள்ளவங்களுக்கும் அபூர்வமா நடக்கும். நீங்க ஒண்ணும் பண்ணலை."

"நான் ஒண்ணும் பண்ணலையாம்க்கா" என்று என்னிடம் திரும்பிச் சொன்னாள். பஸ் ஸ்டாண்டு வரும்வரை அதையே சொல்லிக்கொண்டு வந்தாள். அத்தனை மாதமும் நனைந்ததைவிட, நாமே கெடுத்துக்கொண்டோம் என்று நினைத்ததுதான் அவளைத் தின்றிருக்கிறது. எனக்கு யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. எங்களைத் தேடிப் பஸ் ஸ்டாண்டுக்கு வந்த பால்பாண்டியைத்தான் திட்டினேன். "மெத்தயத் தூக்கத் தெரிஞ்சுச்சுல்ல, வாயத் தெறந்து டாக்டர்கிட்ட ஒரு வார்த்த சொல்லத் தெரியலையாக்கும்?" என்றேன். அவன் வல்லியின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டான்.

ஆயம்மாளுக்கு நானே போன் போட்டேன். வல்லிக்கு வயிற்றில் ஒரு ஆபரேஷன், வளைகாப்பை ஒன்பதாம் மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாம், கட்டாயம் கூட்டிப்போவாள் என்றேன். கூட்டிப்போவாள் என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் உதறல்தான். மதுரையில் பரிசோதித்து, ஒரே ஓட்டைதான், கிட்னிக் குழாய்க்குக் கேடில்லை என்றார்கள். தைத்தார்கள். இரண்டு மூன்று வாரம் பைக்குள் குழாய் இருக்க வேண்டும், அது மடங்காமல், அடைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும் என்றார்கள். சில பேருக்கு முதல் தையலில் பிடிக்காமலும் போகலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார்கள். வல்லி ராத்திரி பகலாக அந்தக் குழாய்க்குக் காவல் இருந்தாள் என்று பால்பாண்டி சொன்னான்.

குழாயை எடுக்கிற அன்று நான் கடையில் இருந்தேன். ஒரு வாடிக்கைக்காரருக்குச் செருப்பை எடுத்துக் கையில் வைத்திருக்கும்போது போன் வந்தது. வல்லிதான்.

"அக்கா..." என்றாள்.

"என்னடி ஆச்சு? நனையுதா?"

"இல்லக்கா. முட்டுதுக்கா."

"என்ன முட்டுது?"

"ஒன்னுக்குக்கா! முட்டிக்கிட்டு வருது! அடக்குனா நிக்குதுக்கா!"

"அட கிறுக்கி, எனக்கு என்னத்துக்குப் போன் போடுற? வெரசாப் போயிட்டு வாடி!" என்று நான் போட்ட சத்தத்தில் வாடிக்கைக்காரர் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டார். எங்கள் வீட்டுக்காரர் கல்லாவிலிருந்து எட்டிப் பார்த்தார். எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது, அல்லாவுக்குத்தான் நன்றி சொன்னேன். அந்தச் செருப்பு விற்காமல் போனதில் எனக்கு வருத்தமே இல்லை.

ஒன்பதாம் மாதம் தேவாரத்தில் வளைகாப்பு. வல்லி மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வளையல் போட்டாள். மகளைக் கூட்டிக்கொண்டு போடிக்கு வந்தாள். கட்டிலுக்குப் புது மெத்தை போட்டிருந்தாள், அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறையைத் தன் கையாலேயே கிழித்து எடுத்தாள். வைகாசியில் பவித்ராவுக்கு ஆண்பிள்ளை பிறந்தது. சுகப்பிரசவம்.

பிள்ளையைப் பார்க்க ஆயம்மாள் நாலைந்து சொந்தக்காரப் பெண்களோடு வந்திருந்த அன்று நானும் போயிருந்தேன். வீடு கொள்ளாத கூட்டம். வல்லி நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, மடியில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, பழைய வாயோடு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தாள். திடீரென்று பேச்சு நின்றது. முகம் வெளுத்துவிட்டது. கை தானாகச் சேலைக்குப் போனது. மடி நனைந்திருந்தது. விஷயம் தெரிந்த பவித்ரா என்னைப் பார்த்தாள், நான் வல்லியைப் பார்த்தேன்.

வல்லி பிள்ளையைத் தூக்கினாள். தூக்கிய இடத்திலிருந்தே பயல் இன்னும் பெய்துகொண்டிருந்தான், அவள் மாராப்புவரைக்கும்.

"ஆத்தாடி! ஏஞ் சேலையப் பூராம் நனைச்சுப்புட்டானே!" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள். "பாருங்க சம்மந்தி, ஒங்க பேரன் பண்ணுன வேலய! வெள்ளம், வெள்ளம்!"

எல்லாரும் சிரித்தார்கள். "எந்திரிச்சுப் போயிச் சேலைய மாத்திட்டு வாங்க சம்மந்தி" என்று ஆயம்மாள் பிள்ளைக்குக் கை நீட்டினாள்.

வல்லி பிள்ளையை மறுபடி அந்த ஈர மடியிலேயே போட்டுக்கொண்டாள்.

"இருக்கட்டும்" என்றாள். உட்கார்ந்தே இருந்தாள்.